மூன்று வருடம் முடிந்தால் தானாக உறுதியாகிவிடாது

எங்கள் உள்ளூராட்சி சபைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி. அதற்குப் பதில் சுலபம். ஆரம்ப நிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக 2025 ஏப்ரல் முதல் திருத்தப்பட்டது. ஆனால் கூடின தொகை முழுவதும் ஒரே தடவையில் கைக்கு வராது, 2027 ஜனவரி வரை கட்டம் கட்டமாகத்தான் சேரும் என்று சொல்லி முடித்துவிடுவேன். அடுத்த கேள்வி, "அக்கா, நாங்க எப்ப பேர்மனண்ட் ஆவோம்?" இதற்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் என்ன அடிப்படையில் எடுக்கப்பட்டிருக்கிறோம் என்பதே தெரியாது. கடிதம் வீட்டில் இருக்கிறது என்பார்கள். சிலருக்குக் கடிதமே கிடையாது.

நான் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஓர் உள்ளூராட்சி மன்றத்தில் வேலை செய்கிறேன். சக ஊழியர்களின் விஷயங்களும் இதில் வருவதால் எந்தச் சபை என்று எழுதவில்லை. 2011இல் சபையின் வாசிகசாலை ஒன்றில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். 2017இல் நூலக உதவியாளராக நிரந்தர நியமனம் கிடைத்தது. ஓய்வு வயது மறுபடி 60 ஆக்கப்பட்டபோது, அதைத் தாண்டியிருந்த அரச ஊழியர்கள் நாடு முழுக்க 2022 டிசம்பர் 31ஆம் திகதி ஒன்றாக ஓய்வுபெற்றார்கள். புதிதாக ஆள் எடுப்பதும் நின்றுபோயிருந்த காலம் அது. ஊழியர் விஷயங்களைப் பார்க்கிற எங்கள் தாபனக் கிளையில் இருந்த மூத்தவர்கள் போனதும் என்னை அங்கே உதவிக்குப் போட்டார்கள். அன்றிலிருந்து மற்றவர்களுடைய பர்சனல் பைல்கள் என் மேசைக்கு வருகின்றன. வெளியில் நின்று காத்திருந்ததும் தெரியும், உள்ளே ஒரு பைல் ஏன் நகராமல் கிடக்கிறது என்பதும் இப்போது தெரியும்.

வாசிகசாலை வேலை பின்னேரம் நான்கு மணித்தியாலம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், பத்திரிகை பார்க்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வர்த்தமானியில் வேலைவாய்ப்புத் தேட வரும் இளைஞர்கள் என்று கூட்டம் எப்போதும் இருக்கும். எனக்கு மாதக் கொடுப்பனவு. அதே கட்டடத்தைக் கூட்டித் துடைக்க ஓர் அக்கா காலையில் வருவார். அவருக்கு நாட்சம்பளம். அவருடைய கடிதத்தில் "அமைய அடிப்படையில்", அதாவது கெசுவல் என்று இருந்தது. என்னுடையதில் "பகுதிநேர அடிப்படையில், மாதாந்தக் கொடுப்பனவுடன்" என்று இருந்தது. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது 2014 கடைசியில் தெரிந்தது.

அந்த வருடம் ஒக்டோபர் 24ஆம் திகதி அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பொது நிர்வாகச் சுற்றறிக்கை 25/2014 வந்தது. அந்தத் திகதிக்கு 180 நாள் தொடர்ச்சியான சேவை முடித்திருந்த தற்காலிக, அமைய, பதிலீட்டு, ஒப்பந்த, நிவாரண அடிப்படை ஊழியர்களை நிரந்தரமாக்குவதற்கான சுற்றறிக்கை அது. அந்த வகைகளின் வரிசையில் "பகுதிநேரம்" இல்லை. அக்காவுக்கு நியமனம் வந்தது. எனக்கு வரவில்லை. நான் அவரைவிட முன்னால் சேர்ந்தவள், விடுமுறைக் காலத்தில் முழுநாளும் திறந்து வைத்திருந்தவள். அதெல்லாம் கடிதத்தில் இல்லையே. சட்டம் கடிதத்தைத்தான் பார்க்கும்.

அதில் எனக்கு வருத்தம் இருந்தது, அவர் மேல் இல்லை. அந்த அக்காவைப் போல ஒழுங்காகக் காகிதம் வைத்திருந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஆனால் முதல் நாள் கொடுத்த கடிதத்திலிருந்து மாதாமாதம் வந்த சம்பளத் துண்டு வரைக்கும் ஒரு மலிபன் பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னை இரண்டு ஷொப்பிங் பேக்குக்குள் சுற்றி, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுப்படிக்கு மேலே பலகையில் வைத்திருந்தார். அடுப்புச் சூட்டில் ஈரம் அண்டாது. நேர்முகத்தில் 180 நாளைக் காட்டச் சொன்னபோது சபையின் வரவுப் பதிவேட்டில் இரண்டு மாதத்துப் பக்கங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் கிழிந்தது. அக்காவின் டின்னில் அந்த இரண்டு மாதத்துச் சம்பளத் துண்டும் இருந்தது. அதுதான் அவரைக் காப்பாற்றியது.

மலைநாட்டில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே காகிதம் நிலைக்காது. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் அலுமாரிக்குள் இருக்கிற சட்டையிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது. மூலப் பிரதியை லாமினேட் பண்ணாதீர்கள், அதன்மேல் பிறகு முத்திரை குத்த முடியாது, சில இடங்களில் ஏற்கவும் மாட்டார்கள். பொலித்தீன் உறையில் போட்டு வையுங்கள், போனில் படம் எடுத்து உங்களுக்கே ஈமெயில் அனுப்பி வையுங்கள். மெஷினில் வருகிற ரசீதுத் துண்டுகளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அவற்றை உடனே போட்டோக்கொப்பி எடுங்கள்.

அமையமாக வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், சேவை இடைவெளி. ஒரு கட்டத்தில் எங்கள் பக்கத்தில் சிலருக்குக் கடிதத்தை ஐந்து ஐந்து மாதமாகத்தான் புதுப்பித்தார்கள். நடுவில் சில நாள் வேலை இல்லை, பிறகு புதுக் கடிதம். தொடர்ச்சி அதில் அறுந்துவிடும். அந்த நடு நாட்களிலும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தால் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கேளுங்கள். "பரவாயில்ல, பிறகு பார்த்துக்கலாம்" என்பார்கள். பரவாயில்லை என்று சொன்னவர் மாற்றலாகிப் போய்விடுவார். கையெழுத்து வைக்க விடவில்லை என்றால், அந்த நாளில் வேலைக்கு வந்ததாகச் செயலாளருக்கு நாலு வரியில் ஒரு கடிதம் எழுதி, பிரதியில் கிடைத்ததற்கான முத்திரை வாங்கி வையுங்கள். அதைச் சண்டை என்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மரியாதையாக எழுதினால் முத்திரை குத்தித்தான் கொடுப்பார்கள்.

பகுதிநேர வேலைக்கு வருகிறவர்களில் அநேகம் பேர் காலையில் கொழுந்து எடுத்துவிட்டுப் பின்னேரம் சபைக்கு வருகிறவர்கள். காலையில் தோட்டத்தில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), பின்னேரம் வாசிகசாலை, முன்பள்ளி, சந்தைக் கட்டடம். இரண்டு இடத்துச் சம்பளத்தையும் சேர்த்தால்தான் குடும்பம் ஓடும். இப்படி இருக்கிறவருக்கு முழுநேர நியமனம் வந்தால் எல்லோரும் கை கொடுப்பார்கள். ஆனால் வீட்டுக்குள்ளே ஒரு பெரிய யோசனை தொடங்கும். தோட்டத்துப் பதிவேட்டில், அதாவது செக்ரோலில், பேரை வெட்டுவதா? லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது பேர் பதிந்திருந்தால்தான் அந்தக் காம்பராவில் நிம்மதியாக இருக்க முடியும் என்பது இங்கே எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்த கணக்கு. என் விஷயத்தில் அம்மாவின் பேர் செக்ரோலில் இருந்ததால் தப்பித்தேன். புருஷன் கொழும்பில், மாமியார் இல்லை, பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று இருக்கிற ஒரு பெண் என்ன செய்வாள்? அரச நியமனத்தை ஏற்றுக்கொண்டு தோட்டப் பேரையும் வைத்திருக்க முடியாது. இதைச் சரியாக யோசிக்காமல் கடமையேற்று, பிறகு தோட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்து அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நியமனக் கடிதம் வருவதற்கு முன்னாலேயே, நேர்முகத்துக்குக் கூப்பிட்ட அன்றே, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வேறு யாருடைய பேராவது பதிய முடியுமா என்று பாருங்கள். தோட்டத்தை விட்டு விலகும்போது விலகல் கடிதத்தின் பிரதியும், அதுவரை கட்டின ஊழியர் சேமலாப நிதிக் கணக்கின் இலக்கமும் கையில் இருக்கட்டும்.

சேமலாப நிதி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர ஊழியருக்கு ஓய்வூதியம். அமையமாக வேலை செய்கிறவருக்கு அது இல்லை, அவருக்குச் சேமலாப நிதிதான் உண்டு. சம்பளத்தில் 8 வீதம் அவரிடம் பிடிப்பார்கள், 12 வீதம் வேலை கொடுப்பவர் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம், அதை ஊழியரிடம் பிடிக்கக் கூடாது. துண்டில் 8 வீதம் பிடித்திருக்கிறார்கள் என்பதை வைத்துக் காசு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துத் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு போனால் கணக்கு நிலைமையைக் கேட்கலாம். வருடத்துக்கு ஒரு தரமாவது கேளுங்கள். கட்டாமல் விட்ட மாதங்களை அடுத்த வருடமே கேட்டால் வாங்கலாம், பத்து வருடம் கழித்துக் கேட்டால் பதிவேடு தேடுவதற்கே ஆயுள் போதாது.

சரி, இனித் தகுதிகாண் காலத்துக்கு வருகிறேன்.

நிரந்தர நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் பலர் முதல் பந்தியை மட்டும் வாசிப்பார்கள். அதில் "நிரந்தரமானது, ஓய்வூதிய உரித்துடையது" என்று இருக்கும். இரண்டாவது மூன்றாவது பந்தியில் "மூன்று வருட தகுதிகாண் காலத்துக்கு உட்பட்டது" என்று இருக்கும். அந்தக் காலத்துக்குள் காரணம் காட்டாமலே நியமனத்தை முடிவுறுத்தலாம் என்றும் ஒரு வாசகம் வரும். இரண்டும் ஒரே கடிதத்தில் இருப்பதால் குழம்ப வேண்டாம். நீங்கள் நிற்கிற பதவி நிரந்தரமானது. அந்தப் பதவியில் நீங்கள் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. ஏற்கெனவே ஒரு பதவியில் உறுதியானவர் இன்னொரு பதவிக்குப் போனால் மூன்று வருடம் கிடையாது, ஒரு வருடம் பதில் கடமை (அக்டிங்) அடிப்படையில் இருந்தால் போதும். புதிதாக வருகிறவர்களுக்கு மூன்று வருடம். அந்தக் கூட்டுகிற அக்காவுக்கும் நிரந்தரக் கடிதத்தோடு அந்த மூன்று வருடம் தொடங்கியது. அமையமாக உழைத்த வருடங்கள் அதில் கழியவில்லை.

கடமையேற்ற திகதியிலிருந்துதான் எல்லாம் கணக்கு. கடிதத்தின் திகதி அல்ல. இந்த விஷயத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வருகிற தொந்தரவு டவுனில் இருக்கிறவர்களுக்குப் புரியாது. லயத்துக்கு வீட்டிலக்கம் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யாராவது டிவிசனுக்குக் கொண்டுவர வேண்டும். இன்ன திகதிக்கு முன் கடமையேற்காவிட்டால் நியமனம் இரத்தாகும் என்று எழுதியிருக்கும் கடிதம், அந்தத் திகதிக்குப் பிறகு கைக்கு வந்த ஒரு தம்பி எங்களிடம் அழுதுகொண்டு வந்தார். செயலாளர் நல்ல மனுஷன். "தம்பி, அழுவாதீங்க, மொதல்ல உறைய காட்டுங்க" என்றார். உறையில் தபால் முத்திரை தெளிவாக இருந்தது. அதோடு, கடிதம் எந்தத் திகதியில் டிவிசனுக்குக் கொடுக்கப்பட்டது என்று தோட்ட ஆபீசிலிருந்து ஒரு குறிப்பும் வாங்கிக் காலநீடிப்புக்கு எழுதினோம். கிடைத்தது. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது, அரச கடிதம் வந்தால் உறையைக் கிழித்து எறியாதீர்கள், கடிதத்தோடு குத்தி வையுங்கள். விண்ணப்பம் போடும்போதே டவுனில் கடை வைத்திருக்கிற மாமா, சித்தப்பா யாருடைய விலாசத்தையாவது தபால் விலாசமாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நிரந்தர விலாசம் தோட்டமாகவே இருக்கட்டும். வதிவிடத்தைக் கிராம உத்தியோகத்தர் சான்றிதழும் வாக்காளர் இடாப்பும்தான் காட்டும்.

அடுத்தது பெயர். இது எங்கள் சனங்களின் நெடுங்காலப் பிரச்சினை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் சிங்களத்தில் எழுதின பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, சாதாரண தரச் சான்றிதழில் ஆங்கிலத்தில் வேறொரு மாதிரி. ராமாயி ஓரிடத்தில் ராமையா ஆகியிருப்பார். தகப்பனுடைய பெயரில் ஓரெழுத்து விழுந்திருக்கும். வேலைக்கு எடுக்கும்போது யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை, சத்தியக் கடதாசி ஒன்று கொடுத்தால் சரி என்பார்கள். உறுதிப்படுத்தும் நேரத்தில்தான் பிறப்புப் பத்திரமும் கல்விச் சான்றிதழும் உரிய திணைக்களங்களுக்கு அனுப்பிச் சரிபார்க்கப்படும். அப்போது இடிக்கும். சத்தியக் கடதாசி எல்லா இடத்துக்கும் போதாது. பிறப்புப் பதிவையே திருத்த வேண்டி வந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும், அதற்குக் காலம் எடுக்கும். மூன்று வருடம் இருக்கிறதே என்று விடாதீர்கள். கடமையேற்ற முதல் மாதத்திலேயே மூன்று பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இதற்கு ஒரு சின்னச் சோர்வு காட்டினால், பிற்காலத்தில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் வரைக்கும் அந்த ஒரு எழுத்து கூடவே வரும்.

சுகாதாரம் 169 மருத்துவப் படிவம், அரசியலமைப்பின்படி செய்கிற உறுதியுரை, இவையெல்லாம் சின்ன வேலை. வைத்தியசாலையில் அரை நாள், கந்தோரில் பத்து நிமிடம். ஆனால் பைலில் இவை இருக்கின்றனவா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். கொடுத்தது வேறு, பைலில் கோத்திருப்பது வேறு.

அதிகம் பேரைத் தடுத்து வைப்பது இரண்டு. ஒன்று வினைத்திறன் காண் தடைதாண்டல் பரீட்சை, அதாவது வேலைத்திறனைச் சோதிக்கிற பரீட்சை, மற்றது இரண்டாம் அரசகரும மொழி.

தடைதாண்டல் பரீட்சை எப்போது வரும் என்று யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். அறிவித்தல் சபைக்கு வரும், பலகையில் ஒட்டுவார்கள், அல்லது யாருடைய மேசையிலோ இருக்கும். நூலகத்திலும் சந்தையிலும் குப்பை வண்டியிலும் வேலை செய்கிறவர்கள் அந்தப் பலகையைப் பார்ப்பதே இல்லை. விண்ணப்ப முடிவுத் திகதி போய்விட்டால் அடுத்த பரீட்சை வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் வாசிகசாலையில் இருந்தபோது சம்பள நாளில் தலைமைக் கந்தோருக்குப் போனால் முதலில் பலகையைப் பார்ப்பேன், அப்புறம்தான் சம்பளத் துண்டை வாங்குவேன். இப்போது தாபனக் கிளைக்கு வந்தபிறகு அறிவித்தல் வந்த அன்றே படம் எடுத்து எல்லாக் கிளைக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். இது ஒவ்வொரு சபையும் செய்யக்கூடிய வேலை, காசு செலவில்லை.

மொழி விஷயத்தில் ஒரு தப்பான தைரியம் எங்களிடம் இருக்கிறது. நாங்கள் ஹட்டன் கடைவீதியில், நுவரெலியா பஸ் நிலையத்தில், சிங்களத்தில் சரளமாகப் பேசுகிறவர்கள். பக்கத்து வீட்டு நோனாவோடு மணிக்கணக்காகக் கதைப்போம். ஆனால் எழுத்து? அரசகரும மொழிகள் திணைக்களத்தின் பரீட்சையில் எழுத்தும் உண்டு, வாய்மொழியும் உண்டு. பொது நிர்வாகச் சுற்றறிக்கை 07/2007க்குப் பிறகு அரச சேவைக்கு வருகிறவர்கள் தங்கள் மொழி தவிர்ந்த மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். எந்தக் காலத்துக்குள், எந்த மட்டத்தில் என்பது பதவிக்கும் நியமனத்துக்கும் ஏற்ப மாறும், உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குப் பொருந்தும். கடைச் சிங்களம் தெரிந்தவர்கள் எழுத்தில் தடுமாறியதையும், சிங்களமே சரியாகப் பேச வராத ஒரு தங்கச்சி அரிச்சுவடியிலிருந்து படித்து முதல் தடவையிலேயே தேறியதையும் பார்த்திருக்கிறேன். அவர் படித்தது சபைக்கு வருகிற கடிதங்களைப் பார்த்து. கட்டட அனுமதி விண்ணப்பம், வியாபார உரிமம், சோலைவரி அறிவித்தல் என்று தினமும் ஒரு சிங்களக் கடிதத்தைக் கையால் பிரதி எழுதுவார். அருத்தம் தெரியாத சொல்லுக்குப் பக்கத்து மேசை மல்லியிடம் (சிங்களத் தம்பியிடம்) கேட்பார். அந்த மல்லி அவரிடம் தமிழ் கேட்பார், அவருக்கும் அதே பரீட்சை இருக்கிறதே. இருவரும் தேறினார்கள்.

நியமனக் கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்து அருத்தம் புரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழும் அரசகரும மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழில் பிரதி தாருங்கள் என்று எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டதற்காக யாருடைய வேலையும் போனதாக நான் அறியவில்லை.

சம்பளமில்லாத லீவு எடுப்பவர்கள் கவனம். அந்த நாட்கள் அளவுக்குத் தகுதிகாண் காலம் பின்னால் தள்ளிப் போகும். பிரசவ லீவு வேறு, உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு உண்டு, சனி ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேராது. தகுதிகாண் காலத்தில் பிள்ளை பெறக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்படிச் சொல்லி ஒரு பிள்ளையைப் பயமுறுத்தியிருந்தார்கள், எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மூன்று வருடம் முடிந்த மறுநாள் எதுவும் நடக்காது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். கடிதம் தானாக அச்சாகி வராது. உங்கள் கிளைத் தலைவர் வேலையும் நடத்தையும் திருப்தி என்று பரிந்துரைக்க வேண்டும், பரீட்சைப் பெறுபேறுகளும் சரிபார்த்த சான்றிதழ்களும் சேர வேண்டும், லீவு விவரம் சேர வேண்டும், அப்புறம் பைல் மாகாண மட்டத்துக்குப் போக வேண்டும். எங்கள் மாகாண சபைக் கந்தோர்கள் பள்ளேகலையில் இருக்கின்றன. தலவாக்கலையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ அங்கே போய்வர ஒரு முழுநாள் போய்விடும். ஒரு கடதாசி குறைந்தால் பைல் திரும்பி வரும். என் பைலும் திரும்பி வந்தது, கொரோனாக் காலத்தில் சரிபார்ப்புக் கடிதம் ஒன்று எங்கேயோ நின்றுபோனதால். பிந்திக் கிடைத்தாலும் உறுதிப்படுத்தல் மூன்று வருடம் முடிந்த திகதியிலிருந்தே அமுலாகும்படி வந்தது. உங்கள் கடிதம் வந்ததும் அமுலாகும் திகதி எது என்று முதலில் பாருங்கள். பதவியுயர்வும் சம்பள ஏற்றமும் அதைப் பிடித்துத்தான் வரும். திகதி தவறாக இருந்தால் உடனே மேன்முறையீடு எழுதுங்கள். மூன்று வருடம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே "என் பைலில் என்ன குறைகிறது?" என்று தாபனக் கிளையில் கேளுங்கள். எங்களுக்கும் அது உதவி, கேட்டு வருகிறவரின் பைல்தான் முதலில் திறக்கப்படுகிறது. அது நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடப்பது அதுதான்.

உள்ளூராட்சி மன்றங்கள் நம் மலைகளுக்கு வந்து சேர்ந்ததே பிந்தித்தான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை செலவு செய்வதைத் தடுத்து வைத்திருந்தது, 2018இல்தான் திருத்தினார்கள். அதே ஆண்டில் அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகப் பிரிந்து மஸ்கெலியாவும் நோர்வூட்டும் தனிச் சபைகளாகின. நுவரெலியாவும் அப்படித்தான், கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனியாகின. புதுச் சபை என்றால் புது ஆளணி (அங்கீகரித்த பதவிகளின் எண்ணிக்கை), புது வெற்றிடம் என்று நம் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்தது. அதோடு வாய்ப்பேச்சு நியமனங்களும் வந்தன. "நாளையிலிருந்து வா, பிறகு பார்த்துக்கலாம்" என்று ஒரு உறுப்பினர் சொல்வார், பிள்ளை வரும், வேலை செய்யும், ஏதாவது ஒரு கணக்கிலிருந்து காசு கிடைக்கும். 2023 மார்ச் 19இல் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6இல் தேர்தல் நடந்து ஜூனில் புதுச் சபைகள் கூடும் வரைக்கும் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் நிர்வாகம். கடிதம் இல்லாதவர்களை அவர்கள் எதை வைத்துத் தொடர்ந்து வைத்திருப்பது? பலர் அப்போது வீட்டில் நின்றார்கள். உறுப்பினரிடம் போனால் "இப்ப நான் சபையில இல்லையே தம்பி" என்றார்.

அதனால் சேர்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று. இந்த வேலை அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் இருக்கிறதா? ஆளணியை முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டும். அதில் இல்லாத இடத்தில் பத்து வருடம் வேலை செய்தாலும் உங்களை நிரந்தரமாக்க இடமே இருக்காது, வெற்றிடம் என்று ஒன்று இருந்தால்தானே நிரப்ப முடியும். யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எல்லா உள்ளூராட்சி மன்றத்துக்கும் பொருந்தும். சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். எப்படி எழுதுவது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற வாசகம் இது: "இச்சபையில் இன்ன பதவிக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எத்தனை, இன்றைய திகதிக்கு வெற்றிடம் எத்தனை, அப்பதவிக்கான ஆட்சேர்ப்புத் திட்டத்தின் பிரதி ஒன்றையும் தரவும்." ஏன் வேண்டும் என்று காரணம் எழுதத் தேவையில்லை. கிடைத்ததற்கான பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ, 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதிலும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

உங்களோடு ஒரே நிலையில் இருந்தவர்களை நிரந்தரமாக்கி, உங்களை மட்டும் காரணமில்லாமல் விட்டுவிட்டார்கள் என்றால் அது அடிப்படை உரிமை மீறலாகவும் இருக்கலாம். ஆனால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த அவகாசத்தில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் கந்தோர்கள் இருக்கின்றன. யூனியன் தலைவரிடம் சொல்லியிருக்கிறோம், எம்.பி.யிடம் மனு கொடுத்திருக்கிறோம் என்று காத்திருந்து அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். தலைவரிடமும் சொல்லுங்கள், எம்.பி.யிடமும் கொடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஆணைக்குழுவில் முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.